சிக்னல் முழுசு, பில் மட்டும் போகவில்லை

போன மாதம் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் வயர்லெஸ் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் வந்து புதிதாக ஒரு டிஷ் மாட்டினார்கள். திருநின்றவூரில் இப்போது பாதிப் பேர் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறார்கள், மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் வராவிட்டால் முணுமுணுப்பார்கள்; நெட் வராவிட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். டிஷ்ஷை மாட்டி முடித்த தம்பி போனைப் பார்த்துவிட்டு, "சிக்னல் ஃபுல்லு சார், இனிமே பேஜாரே இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஏணியை மடக்கினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஓய்வு பெற்றவனுக்கு அது ஒன்றுதான் வராது.

"ஃபுல்லு சரி தம்பி. குவாலிட்டி இன்னா காட்டுது?" என்று கேட்டேன்.

"அதான் ஃபுல்லுன்றேனே சார்."

அங்கேயே நிறுத்தி வைத்து அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அல்லது கேட்பதுபோல நின்றார். கடைசியில் என் மனைவி மாடியேறி வந்து, "அந்தப் புள்ள வேற ஊட்டுக்குப் போவ வேணாமா? நீங்க கீழ வாங்க" என்று என்னை அழைத்துக்கொண்டு போனாள். சொல்ல வந்ததில் பாதிகூடச் சொல்லவில்லை. தொண்டையில் மாத்திரை மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். இங்கே யாரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

என் பெயர் ஏகாம்பரம். சொந்த ஊர் பெரியபாளையம் பக்கம். வீட்டில் நெல் பயிர். அண்ணன்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள், என்னை வரப்பில் யாரும் தேடவில்லை. அதனால் கேபிள் டிவிக்காரரிடம் ஒயர் இழுக்கப் போனேன். அங்கே நான் கற்றது ஒரே ஒரு வித்தை. படம் புள்ளி புள்ளியாக வந்தால் நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் போடு. அப்படியும் வராவிட்டால் இன்னொன்று போடு. அந்த ஒற்றை வித்தையோடு வயர்லெஸ் இன்டர்நெட்டுக்கு வந்து சேர்ந்தேன், வயதும் நாற்பதை நெருங்கியிருந்தது.

திருவள்ளூரில் ஒரு சின்ன கம்பெனி. காக்களூர் தொழிற்பேட்டையில் ஆரம்பித்துக் கும்மிடிப்பூண்டி வரைக்கும், ஒயர் போகாத இடத்துக்கெல்லாம் காற்று வழியாக நெட் கொடுப்பது எங்கள் தொழில். உயரமான ஒரு கட்டடத்தின் மேல் எங்கள் ரேடியோ இருக்கும், அதை நாங்கள் மாடி என்போம். வாடிக்கையாளரின் கூரையில் சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய டிஷ் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளும். மாடி பேசினால் டிஷ் கேட்க வேண்டும். டிஷ் பேசினால் மாடி கேட்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை எங்கள் தொழிலில் எல்லோரும் சுலபமாக மறந்துவிடுவோம். வாடிக்கையாளர் போனில் பார்க்கிற சிக்னல் கோடுகள் முதல் பாதியைத்தான் காட்டும். மாடி கத்துவது டிஷ்ஷுக்கு நன்றாகக் கேட்டால் கோடுகள் முழுசாக எரியும். டிஷ் சொன்னது மாடிக்குக் கேட்டதா என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

பவரைக் கூட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். டிபி என்று ஒரு அளவு உண்டு. மூன்று டிபி கூட்டினால் பவர் இரண்டு மடங்காகும். அரசாங்கம் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் இருக்கிற வரைக்கும் ஏன் என்று கேட்க ஆளில்லை. புகார் வந்தால் கூட்டுவோம், மறுபடி வந்தால் மறுபடி கூட்டுவோம். கேபிள் டிவிக்காரனுக்கு இதைவிட ஒத்துவரும் தொழில் எது?

அப்போதுதான் வேதவல்லி மேடம் எங்களுக்கு டெக்னிக்கல் மேனேஜராக வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். திருவள்ளூரிலேயே கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பம். அப்பா தினமும் காலையில் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நிற்பவர். மேடத்தின் குரல் இருக்கிறதே, பைக்கில் போகும்போது பின்னால் உட்கார்ந்து ஏதாவது சொன்னால் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தால்தான் கேட்கும். நாங்கள் நான்கு சகோதரர்களும் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசி வளர்ந்தவர்கள். முதல் வாரம் அவர் என்னைத் திட்டியதே எனக்குத் தெரியவில்லை. வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவரிடம் ஒரு வழக்கம். எந்தப் புகாராக இருந்தாலும் இரண்டு எண்கள் கேட்பார். "அங்க என்ன கேக்கறது? இங்க என்ன கேக்கறது?" டிஷ்ஷுக்கு மாடி எப்படிக் கேட்கிறது, மாடிக்கு டிஷ் எப்படிக் கேட்கிறது. இரண்டையும் பால்பாயின்ட் பேனாவால் தன் இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். அதற்குப் பக்கத்தில் இரைச்சல் எவ்வளவு என்று இன்னும் இரண்டு எண்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் அவர் குவாலிட்டி என்பார். ஒரு பக்கத்து எண்ணை மட்டும் கொண்டுபோய் நின்றால், "பாதி வேலைதானே ஆயிருக்கு ஏகாம்பரம் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் வந்த பிறகு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? முதல் ஒரு வருடம் அந்தம்மாவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

காக்களூரில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு யூனிட் இருந்தது. எங்கள் ரேடியோ இருந்த கட்டடத்துக்கு நேர் எதிர்ச் சாரி. சிக்னலை நாங்கள் மைனஸ் எண்ணில் சொல்வோம். மைனஸ் எண்பது என்றால் முனகல். மைனஸ் ஐம்பத்தைந்து என்றால் நல்ல தெளிவான பேச்சு. இந்த யூனிட்டுக்கு வந்துகொண்டிருந்தது மைனஸ் முப்பது, அதாவது காதில் வாயை வைத்துக் கத்துவது. நெட் விட்டு விட்டு வந்தது. மேடம் பவரை இறக்கச் சொன்னார். இறக்கியதும் சரியாகிவிட்டது. ஆனால் முதலாளி போனில் கோடுகள் குறைந்ததைப் பார்த்துவிட்டார். "இன்னா சார், மாசா மாசம் பணம் வாங்கிக்கினு சிக்னல கம்மி பண்ணிட்டுப் போறீங்க?" என்று சண்டைக்கு வந்தார். நெட் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டால் ஓடுகிறது என்கிறார். அப்புறம் என்ன என்றால், பக்கத்து யூனிட்டில் கோடு அதிகமாக இருக்கிறதே என்கிறார். அவரைச் சமாதானப்படுத்தியதற்கே எனக்குத் தனிச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று எங்கள் ஊர்ப் பக்கம். பெரியபாளையத்தில் பூஜைச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவருக்கு வயல்வெளிக்கு நடுவே வீடும் குடோனும். நடவுக்குத் தண்ணீர் கட்டினால் அவர் நெட் படுத்துக்கொள்ளும். பயிர் வளர்ந்ததும் எழுந்துகொள்ளும். நான் பவரைக் கூட்டிப் பார்த்தேன், ஒரு பலனும் இல்லை. நேராக வருகிற சிக்னலோடு, தேங்கிய தண்ணீரில் பட்டுத் தெறித்த சிக்னலும் சேர்ந்து வந்து குழப்புகிறது என்று மேடம்தான் கண்டுபிடித்தார். நான் பவரைக் கூட்டியபோது நேராக வந்ததும் கூடியது, தெறித்து வந்ததும் அதே அளவு கூடியது. டிஷ்ஷைக் கழற்றி, தண்ணீரின் பார்வை படாதபடி குடோன் சுவரின் மறைவில் தாழ்வாக மாட்டினோம். பவர் பழைய பவர்தான். அதன்பிறகு அங்கிருந்து புகாரே வரவில்லை. அந்த வேலை முடிந்து திரும்பும்போது மேடத்தின் மேல் எனக்கு இருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. மீதியை எடுத்துப்போட்டது கும்மிடிப்பூண்டி.

அங்கே ஒரு வார்ப்பு ஆலை எங்கள் வாடிக்கையாளர். இரும்பை உருக்கிப் பம்பு உறைகள் வார்க்கிற நடுத்தர ஆலை. சரக்கு ஏற்றிய லாரி வாசலைத் தாண்ட வேண்டுமானால் இ-வே பில் வேண்டும். அதை இணையத்தில் நிரப்பி அனுப்பி, எண் வந்த பிறகுதான் வண்டி நகரலாம். அந்த வேலையைப் பார்த்தவர் சுகுணா. ஆரம்பாக்கம் பக்கம், வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். குடும்பம் நின்றது சுகுணாவின் சம்பளத்தில்தான். கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவார். ஒரு வண்டியின் விவரத்தை டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் நிரப்பிவிடுவார்.

நிரப்பியது போக மாட்டேன் என்றது, அதுதான் தொல்லை. காலையில் ஓடும். மதியச் சாப்பாடு முடிந்து எல்லா ஆலைகளிலும் வேலை சூடு பிடித்ததும், 'அனுப்பு' என்ற பொத்தானை அமுக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்ப முதலிலிருந்து நிரப்ப வேண்டும். வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். தொழிற்சாலை மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே நின்று, அத்தனை டிரைவர்களும் கேட்கக் கத்துவார். "இன்னாமா பண்ற உள்ள? தூங்கறியா? ஒரு பில்லு போட எத்தினி நேரம்? உன்னாட்டம் ஸ்லோவான ஆள நான் பார்த்ததே இல்ல!"

எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். போனை எடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சிக்னல் ஃபுல்லா இருக்கு சார், எங்க சைடுல ப்ராப்ளம் இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. திரையில் அப்படித்தான் இருந்தது. மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. நெட்டில் பழுதில்லை என்றால் பழுது நாற்காலியில் என்று முடிவு கட்டிவிட்டார்.

நான் நேரில் போனபோது சுகுணா என்னைத் தனியாக ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். "அண்ணா, மாசக் கடைசியோட என்ன நிறுத்திடுவாங்களாம். மேனேஜர் அவரு மச்சினர உக்கார வைக்கப் போறாராம். வேலை போனா வேற தேடிக்கலாம், அது வேற. ஆனா ஸ்லோன்னு பேரு வாங்கிக்கினு எந்தக் கம்பெனி வாசல்ல போய் நிக்கறது? இந்த டிரைவருங்கதான் எல்லாக் கம்பெனிக்கும் போறவங்க. எங்க நைனா வேற தெனம் கேக்கறாரு, நிஜமாவே உனக்குக் கை மெதுவாயிடுச்சான்னு" என்றார். கடைசி வரியைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. "நான் பார்க்கறேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அன்று திருவள்ளூருக்குப் போகும்போது இரண்டு எண்களையும் கொண்டுபோனேன். ஆலையின் டிஷ்ஷுக்கு எங்கள் மாடி அருமையாகக் கேட்டது. எங்கள் மாடிக்கு ஆலையின் டிஷ் கேட்டதும் மோசமில்லை. ஆனால் மாடியில் இரைச்சல் அதற்குச் சரிக்குச் சரியாக ஏறி நின்றது. மேடம் நான்கு எண்களையும் உள்ளங்கையில் எழுதிவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு மதியம் போகலாம். லேப்டாப் போதும், ஸ்பேனர் வேண்டாம்" என்றார்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ரேடியோ இருந்தது ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரியின் மொட்டை மாடியில். அந்த வட்டாரத்தில் அதுதான் உயரம். அதனால் எங்களோடு இன்னும் மூன்று கம்பெனிகளின் ரேடியோக்களும் அங்கேதான், ஒரே கைப்பிடிச் சுவரில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. மேடம் போனதும் செய்த முதல் வேலை, எங்கள் ரேடியோவைப் பேசவிடாமல் நிறுத்தியது. எனக்குப் பகீரென்றது. வாடிக்கையாளர் அத்தனை பேரும் இப்போது போன் செய்வார்களே! அவர் சட்டை செய்யவில்லை. "நாம சும்மா இருக்கறப்ப இங்க எவ்வளவு சத்தம் இருக்குன்னு பார்க்காம எதையும் சொல்ல முடியாது" என்று ரேடியோவை வெறுமனே கேட்க மட்டும் விட்டார். திரையில் அலைவரிசை முழுவதும் இரைச்சல் மதில் சுவர்போல எழுந்து நின்றது. இடது பக்கத்துக் கம்பெனியின் சத்தம், வலது பக்கத்துக் கம்பெனியின் சத்தம், பின்னாலிருந்தவரின் சத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும், அவர் பவரைக் கூட்டுவார். அதனால் பக்கத்து ரேடியோவுக்குக் காது அடைக்கும். அங்கே புகார் வரும், அவரும் கூட்டுவார். பிறகு எங்கள் முறை. இப்படியே மாறி மாறிக் கூட்டி, நான்கு பேரும் வரம்பின் உச்சியில் போய் நின்றிருந்தோம். கீழே உள்ள டிஷ்களுக்கு மாடி கத்துவது பிரமாதமாகக் கேட்டது. டிஷ்கள் பதில் சொல்வதை மட்டும், பக்கத்தில் நிற்கிறவரின் கத்தலில் மாடியால் கேட்க முடியவில்லை. சுகுணா அமுக்கிய பொத்தான் அந்த இரைச்சலில்தான் காணாமல் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் எல்லா ஆலைகளும் நெட்டைப் பயன்படுத்தும்போது எல்லா ரேடியோக்களும் ஓயாமல் பேசும். அதனால்தான் மதியத்துக்கு மேல் சரிவு.

"கோயில்ல கோஷ்டி ரெண்டா பிரிஞ்சு சேவிப்பா. ஒரு பக்கம் ரொம்பக் கத்தினா எதிர்ப் பக்கத்துக்குத் தான் எங்க எடுக்கணும்னே தெரியாது. அப்பா வந்து புலம்புவார்" என்றார் மேடம். அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். நாங்கள் மட்டும் பவரை இறக்கினால் மற்ற மூவருக்கும் கொஞ்சம் நிம்மதி, எங்கள் வாடிக்கையாளருக்கு நாசம். நால்வரும் ஒன்றாக இறக்கினால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் நால்வரும் போட்டிக் கம்பெனிக்காரர்கள். ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் இழுப்பதுதான் மாதம் முழுக்க நடக்கும் வேலை. அந்த மூன்று கம்பெனிக்காரர்களில் ஒருவர், மற்ற இருவருக்கும் தலைவர் மாதிரி இருந்தவர், சலீம் பாய். என் பழைய கேபிள் கூட்டாளி, வாயாடி, ஆனால் சொன்ன சொல் தவற மாட்டார். நான்தான் அவரிடம் பேசினேன்.

"இன்னாண்ணா, நம்ம கையாலயே நம்ம பவர இறக்கிக்கினு உக்காரச் சொல்ற? உங்க மேடம் எங்கள முட்டாளாக்கப் பாக்குதா?" என்றார்.

"நாங்க மொதல்ல இறக்குறோம் பாய். அப்புறம் நீங்க இறக்குங்க."

"இறக்கினப்புறம் நாங்க இறக்காத போனா?"

"அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், அவ்ளோதான்."

சலீம் பாய் சிரித்தார். மறுநாள் மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு லேப்டாப்போடு மாடிக்கு வந்தார்.

அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் நான்கு முழம்தான் இருக்கும். அதில் நான்கு கம்பெனிக்காரர்கள் நான்கு லேப்டாப்போடு குந்தியிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கண் தன் திரையில், இன்னொரு கண் பக்கத்துத் திரையில். சீட்டாடும் இடத்தில்கூட இவ்வளவு சந்தேகம் இருக்காது. மேடம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். என் லேப்டாப்பை வாங்கி எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வைத்து, எங்கள் பவரை மூன்று டிபி இறக்கினார்.

மற்ற மூவரும் தங்கள் பவரைத் தொடவில்லை. என் போன் அடிக்க ஆரம்பித்தது. எங்கள் வாடிக்கையாளர்கள்தான். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. "சலீம் பாய்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், "யா அல்லா, எங்க மொதலாளிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாரு" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கினார். அவர் அமுக்கியதும் மற்ற இருவரும் அமுக்கினார்கள். இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. மேடம் மறுபடி மூன்று இறக்கினார். இந்த முறை மூவரும் உடனே இறக்கினார்கள். அதற்கடுத்த முறை யாரும் யாருடைய திரையையும் எட்டிப் பார்க்கவில்லை. கூடவே ஒவ்வொருவரும் எந்த அலைவரிசையில் இருப்பது என்றும் பேசி, இடிக்காமல் தள்ளி நின்றுகொண்டோம். இரைச்சல் மதில் உயரத்திலிருந்து வரப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. வார்ப்பு ஆலையின் டிஷ் சொல்வது எங்கள் மாடிக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. சலீம் பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், என் வாழ்நாளில் அவர் செலவில் நான் குடித்த முதல் டீ.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நானும் மேடமும் ஆலைக்குப் போனோம். சுகுணாவிடம் நல்ல செய்தி சொல்லப் போகிறோம் என்று எனக்கு ஒரே குஷி. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் நாற்காலியில் மேனேஜரின் மச்சினர் உட்கார்ந்திருக்கிறார். சுகுணாவை ஸ்டோர்ஸில் கையுறைகளைக் கட்டுக் கட்டாகக் கட்ட அனுப்பிவிட்டார்களாம், மாதக் கடைசி வரைக்கும்.

மேனேஜர் வெற்றிச் சிரிப்போடு வந்தார். "பார்த்தீங்களா சார்? ஆள மாத்தினேன், முந்தாநாள்லேருந்து ஒரு வண்டி நிக்கல. அப்பவே சொன்னேன், உங்க நெட்டுல ஒண்ணும் இல்ல, அந்தப் பொண்ணுதான் ஸ்லோன்னு" என்றார்.

நாங்கள் வெயிலில் காய்ந்து சரிசெய்ததே சுகுணாவின் கழுத்துக்குச் சுருக்காகிவிட்டதே! நடந்ததை விளக்கிச் சொன்னேன், குரலை உயர்த்தியும் சொன்னேன். அவர் என்னைவிட உயர்த்தினார். "உங்க ஆபீஸ்லயே ஃபுல்லுன்னு சொன்னாங்களேய்யா!" என்றார்.

மேடம் என்னை வெளியே அழைத்தார். "பழையபடி ஆக்கிக் காட்டினா ஒத்துப்பாரா?" என்று கேட்டார். "காட்டலாம் மேடம். ஆனா நாலு பேரும் ஏத்தணும்" என்றேன். அவர் தயங்கினார். நான்கு கம்பெனி வாடிக்கையாளர்களும் கொஞ்ச நேரம் அவதிப்பட வேண்டும், வேண்டுமென்றே. அது அவருக்குப் பிடிக்காத காரியம் என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியில், "ஃபுல்லுன்னு சொன்னது நம்ம ஆபீஸ். அந்த வார்த்தையாலதானே அவ இங்கேருந்து எழுந்து போனா. பத்து நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்" என்றார். நான் சலீம் பாய்க்குப் போன் போட்டேன். "ஒரு பொண்ணு வேலைக்காகவா? ஏத்திடலாம்ணா, அப்புறம் நீ சொன்னவுடனே இறக்கிடலாம். மத்தவங்க கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

மேடம் மேனேஜரை ஜன்னல் பக்கம் வரச் சொன்னார். வெளியே வழக்கம்போல லாரிகள். மச்சினர் ஒரு பில்லை நிரப்பி அமுக்கினார். உடனே போனது. இன்னொன்று போனது. மேனேஜர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மேடம் லேப்டாப்பில் எங்கள் பவரை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நான் சலீம் பாய்க்குப் போனில் சொன்னேன். மாடியில் நால்வரின் பவரும் பழையபடி ஏறியது. கோடுகள் முழுசாகவே இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. மச்சினர் அடுத்த பில்லை நிரப்பி அமுக்கினார். வட்டம் சுற்றியது. மறுபடி நிரப்பினார், மறுபடி சுற்றியது. நெற்றியில் வேர்வை கட்டியது. வெளியே ஒரு டிரைவர், "இன்னாபா, இந்த ஆளும் தூங்குறாரா?" என்று கேட்டார். வரிசையில் சிரிப்பு. மச்சினர் பாவம், விரலை ஒடித்துக்கொள்ளாத குறையாக அமுக்கிக்கொண்டிருந்தார்.

"சிக்னல் ஃபுல்லாத்தான் இருக்கு சார். இப்ப இவரும் ஸ்லோவா?" என்று கேட்டார் மேடம். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல, நிஜமாகவே கேட்கிற குரல். மேனேஜர் திரையைப் பார்த்தார். மேடம் எங்கள் பவரை இறக்கினார், நான் போனில் மற்றவர்களையும் இறக்கச் சொன்னேன். இறங்கியதும் அதுவரை சிக்கிக் கிடந்த பில் போய், எண் வந்தது.

மேனேஜர் யாரையோ அனுப்பி சுகுணாவைக் கூட்டிவரச் சொன்னார். அவர் கையுறை கட்டும் நூலோடு வந்து வாசலில் நின்றார். "வாம்மா, பழையபடி நீயே பாரு" என்றார் மேனேஜர். மச்சினர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

சுகுணா உள்ளே வரவில்லை. "எல்லார் எதிர்லயும் என்ன ஸ்லோன்னு சொன்னீங்க சார். அவங்க எல்லாரும் இங்கதான் கீறாங்க" என்றார்.

லாரிகளின் இன்ஜின்கள் அணைந்து கிடந்தன. டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அந்த ஜன்னலில் நின்று இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியவருக்கு இப்போது குரலே எழும்பவில்லை. "தப்பு உன் மேல இல்லம்மா. என்னுதுதான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். வரிசையின் கடைசியில் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்த ஒரு ஆந்திரா டிரைவர்கூட அதைக் கேட்டு எழுந்து நின்று தலையாட்டினார்.

சுகுணா கையிலிருந்த நூலை மேஜை ஓரத்தில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, "மொத வண்டி யாருது?" என்று கேட்டார்.